மோட்டார் சைக்கிளும் உரிமப் படிகளும்

கல்வி என்பது படிப்படியாய் ஏறுவது என்பதை மறுப்பார் இலர். நெடுங்கணக்கை முடித்த சிறுவன் மறுநாளே சேனாவரையர் உரையைக் கையிலெடுத்தால் யாவரும் நகைப்பர். நிகண்டும் நன்னூலும் கடந்து வந்த பின்னரே அவ்வுரை அவனுக்கு வழிவிடும். வீணை கற்பானும், கணிதம் கற்பானும், நோய் தீர்க்கக் கற்பானும் இவ்வொழுங்கிற்கு உட்பட்டவரே. ஆயின், பிழை செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நில்லாது உயிரையே பறித்துக்கொள்ளும் ஒரு வித்தையில்மட்டும் நம் நாட்டில் இவ்வொழுங்கு பெரும்பாலும் இல்லை. அது மோட்டார் சைக்கிள் ஓட்டும் வித்தை. அதனைக் கற்கத் தொடங்கும் நம் மாணவர்க்குச் சட்டம் வைத்துள்ள படிகள் எவை, வையாது விட்ட படிகள் எவை, அவற்றை ஒருவன் தானே எங்ஙனம் கட்டிக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயில்வானுக்கு எஞ்சினைப்பற்றி என்ன பேச்சு என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் கேட்கக்கூடும். கணக்கை அவர்களிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். ஆதலின் அப்பகுதிக்கு அவர்களே பொறுப்பாளிகள். சொல்லைப்பற்றிய பகுதி என்னுடையது. 'லைசென்ஸ்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல், இசைவளிக்கப்படுதல் என்னும் பொருளது. நாம் அதனை 'உரிமம்' என்கிறோம். கேட்ட மாத்திரத்தில் 'உரிமை' நினைவுக்கு வருகிறது. பதினெட்டு வயது நிரம்பினால் வாக்குரிமை வருவதுபோல வண்டியுரிமையும் தானே வருகிறது என்று இளைஞர் எண்ணுதற்கு இச்சொல்லும் ஒரு சிறு காரணமோ என ஐயுறுகின்றேன். பழந்தமிழில் இசைவுக்கு 'விடை' என்று பெயர். கேட்டுப் பெறுவது விடை. வினாவுக்குச் சொல்வதும் விடை. ஏறிச் செலுத்தும் காளையும் விடையே. விடை சொல்லி, விடை பெற்று, விடையேறுதல் என்று கொண்டால் உரிமம் பெறும் முறை முழுவதும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றது! நிற்க.

இந்தியாவில் இதற்கு அடிப்படை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அது 2019-இல் பெரிதும் திருத்தப்பட்டது. 16 வயது நிரம்பியவர் 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்டலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. அவ்வளவு சிறிய பெட்ரோல் வண்டி இக்காலத்துக் கடைகளில் காண்டற்கரிது. ஆதலின் அம்முதற்படி ஏட்டளவில் நிற்கின்றது. மின்னாற்றலால் ஓடுவனவற்றுள் 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உடையவை மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. அவற்றுக்கு உரிமம் வேண்டா. ஏனைய யாவற்றுக்கும் 18 வயது நிரம்பவேண்டும். முதலிற் கிடைப்பது பழகுநர் உரிமம். நம் ஊர் வழக்கில் 'எல்.எல்.ஆர்.' அஃது ஆறு திங்கள் செல்லும். அக்காலத்தில் 18 சென்டிமீட்டர்ச் சதுர வெண்பலகையில் செந்நிற 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் காட்டவேண்டும். கற்பிப்பவர் ஒருவரையன்றிப் பிறரைப் பின்னே ஏற்றலாகாது. அவ்வுரிமம் பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். தேறினால் கிடைக்கும் ஓட்டுநர் உரிமம், 30 வயதுக்குட்பட்டவராயின், 40 வயது நிறையும்வரை செல்லும்.

இருசக்கர வண்டிகளைப் பொறுத்தவரை அவ்வுரிமத்தில் இரண்டே வகை உண்டு: கியர் இல்லாதது, கியர் உள்ளது. சட்டம் கண்ட வேற்றுமை இவ்வளவே. எஞ்சினின் ஆற்றலைப்பற்றியோ, ஓட்டுவானது அநுபவத்தைப்பற்றியோ அங்கே பேச்சில்லை. எட்டு குதிரைத்திறன் உள்ள 100 சி.சி. வண்டியில் தேர்வு கொடுத்தவன், அன்று மாலையே அதனினும் ஆறு மடங்கு ஆற்றலுள்ள வண்டியில் ஏறிப் பெருவழியிற் செல்லலாம், தடுப்பார் இல்லை.

தேர்வோ எத்தகையது? சாலைக் குறிகளை அறிதல், கண்ணாடியைப் பார்த்தல், இடர் நேர்ந்தவிடத்து வண்டியை நிறுத்துதல் எனப் பலவற்றை விதிநூல் கேட்கின்றது. ஆயினும் தேர்வுத் திடலில் நம்மவர் அஞ்சுவதும், அதன்பொருட்டுப் பல நாள் பழகுவதும் ஒன்றையே, 'எட்டுப் போடுதல்.' காலை ஊன்றாமல் எட்டென்னும் எண் வடிவில் இருமுறை சுற்றி வந்தவன் தேறினான் என்றே ஊரார் கொள்வர். எட்டுப் போடுதலை யான் இகழவில்லை. மெல்லச் செல்லுங்கால் சமனிலை காத்தற்கு அது நல்ல பயிற்சி. ஆனால் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கையில் இறந்தவர் எவரேனும் உளரோ? உயிர் போகுமிடம் வேறு; தேர்வு நடக்குமிடம் வேறு.

பிரிட்டனில் நடப்பதை இதனோடு ஒத்துநோக்குக. அங்கே ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான படிமுறை 2013 ஜனவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதில் 'ஏ.எம்.' உரிமம், 50 சி.சி., மணிக்கு 45 கிலோமீட்டர், அவ்வளவே. 17-இல் 'ஏ1', 125 சி.சி.யும் 11 கிலோவாட்டும் எல்லை. 19-இல் 'ஏ2'; 35 கிலோவாட் எல்லை. எல்லையற்ற 'ஏ' உரிமம் வேண்டின், ஏ2 உரிமத்தோடு ஈராண்டு ஓட்டி 21 வயதில் மீண்டும் தேர்வு கொடுக்கவேண்டும்; நேரே பெற விரும்புவோர் 24 வயதுவரை காத்திருக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 1990 முதல் கட்டாயமாக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சி ஒன்று உண்டு. அதனை முடியாமல் பழகுநர் பலகை மாட்டிக்கொண்டும் தெருவில் இறங்கலாகாது. திடலில் நடக்கும் தேர்வில் எட்டுப் போடுதலும் உண்டு. அதனோடு, ஏ1 முதலான வகுப்புகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து உடனே நிறுத்திக் காட்டலும், அதே வேகத்தில் எதிரே உள்ள தடையை விலகிச் செல்லலும் வேண்டும்.

சென்னையில் 1955 முதல் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் சென்னையை அடுத்த ஆலைகளிற் செய்யும் 650 சி.சி. இரட்டை உருளை வண்டி ஏறக்குறைய 47 குதிரைத்திறன் உடையது. அஃதாவது மேற்சொன்ன 35 கிலோவாட் எல்லைக்குள் ஒட்டி நிற்பது. கப்பலேறி இங்கிலாந்து சென்ற அவ்வண்டியை என் வயதினனாகிய பத்தொன்பது வயது இளைஞன் அங்கே ஓட்ட வேண்டுமாயின், அதற்குரிய ஏ2 தேர்வில் தேறவேண்டும். அதே வண்டியை, அது பிறந்த ஊரிலேயே, பதினெட்டு நிரம்பிய மறுதிங்களில் ஒருவன் ஓட்டலாம். இரும்பு ஒன்றே, எலும்பும் ஒன்றே, படிகள்மட்டும் வேறு.

ஜப்பானியரும் எஞ்சின் அளவின்படி உரிமத்தைப் பிரித்துள்ளனர், 400 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு 18 வயதும் தனித் தேர்வும் வேண்டும். அவர்தம் தேர்வில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு பலகை. 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அத்தாழ்ந்த பலகையின்மேல் வண்டியைச் செலுத்தவேண்டும். விரைந்து கடந்தவன் தேறினவன் அல்லன். பெரிய வண்டிக்குப் பத்து நொடியேனும் எடுத்துக்கொண்டு மெல்லக் கடந்தவனுக்கே முழு மதிப்பு. வேகம் எவருக்கும் எளிது என்பதையும், மெதுவே கலையென்பதையும் அறிந்தோர் வகுத்த தேர்வு அது. உரிமம் பெற்று ஓராண்டு ஆகும்வரை பின்னே ஆள் ஏற்றலாகாது என்பதும் அந்நாட்டு விதி.

இத்தகைய படிமுறை நம் நாட்டுக்கும் வேண்டுமெனின், 'ஏழைக் குடும்பத்தில் ஒரு வண்டியே அரிது. படிக்கொரு வண்டி எங்ஙனம் வாங்குவது? பால் கறந்து ஊற்றுவானும் தபால் கொணர்வானும் ஆண்டுதோறும் தேர்வெழுதுவதா?' என்று கேட்பர். கேள்வி நேர்மையானதே. ஆனால் பால்காரர் வண்டி 100 சி.சி.; அதற்குப் புதுப்படி எதுவும் வேண்டியதில்லை. படி வேண்டுவது, முதல் வண்டியே பெருவண்டியாய் வாங்கித்தருமாறு தந்தையாரிடம் உண்ணாநோன்பு இருக்கும் நம் போன்றோர்க்கு.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் இருசக்கர வண்டியிற் சென்றோர் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமையோடு சேர்த்து எண்ணப்பட்டோர் 50,029 பேர். அவருள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர் அல்லர், பின்னே அமர்ந்து சென்றவர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் நம் தமிழ்நாட்டிற்கு, 64,105.

இனி, சட்டம் வையாத படிகளுள் தலையாயது நிறுத்தும் கலை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். கண்ட இடரை மனம் உணர்ந்து கை பிரேக்கை அடைய ஒரு நொடி கொள்க. அவ்வொரு நொடியில் வண்டி வேகம் குறையாமலே முறையே 11 மீட்டரும் 17 மீட்டரும் ஓடிவிடும். பின்னர் உலர்ந்த நல்ல சாலையில், பழகிய கை பிடிக்கும் பிரேக்கினால் 40-இல் வந்தவன் மேலும் 10 மீட்டரில் நிற்பான்; 60-இல் வந்தவனுக்கு மேலும் 23 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகும் என்பது பௌதிக விதி. ஆகவே முன்னவன் 21 மீட்டரிலும் பின்னவன் 40 மீட்டரிலும் நிற்பர்.

இதனுள் மறைந்துள்ள செய்தி இன்னும் கொடியது. இருவரும் அருகருகே வருகின்றனர். எதிரே 22 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40-இல் வந்தவன் குழந்தைக்கு அரை மீட்டருக்கு மேற்பட்ட இடைவெளி விட்டு நிற்பான். 60-இல் வந்தவன் அவ்விடத்தை அடையுங்கால் அவனது வேகம் எவ்வளவு? சிறிதளவே எஞ்சியிருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் எஞ்சி நிற்கின்றது. அவன் அப்பொழுதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கிறான். பௌதிக நண்பர் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது மும்முறை சரிபார்க்கச் சொன்னேன், விடை மாறவில்லை.

பிரேக் பிடிப்பதிலும் நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை நிலவுகின்றது. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழ்க்கும் என்று அண்ணன்மார் தம்பியர்க்கு உபதேசிக்கின்றனர். தம்பியரும் மிதிவண்டிப் பழக்கத்தால் அதனை நம்பிப் பின் பிரேக்கையே மிதிக்கின்றனர். நேர் மாறானது உண்மை. வண்டி வேகம் தணியுந்தோறும் அதன் பாரம் முன்சக்கரத்தின்மேற் சாய்கின்றது. பின்சக்கரம் பாரமிழந்து வழுக்குகின்றது. ஆதலின் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே உள்ளது. கேடு விளைப்பது முன் பிரேக் அன்று. அதனை வெடுக்கெனப் பற்றுதலே. முதலில் மெல்ல அழுத்திப் பாரம் முன்னே வரவிட்டு, பின் அழுத்தத்தைப் படிப்படியாய்க் கூட்டவேண்டும். அதே வேளையில் பின் பிரேக்கையும் அளவாய் மிதிக்கவேண்டும். மணலிலும் ஈரத்திலும் திருப்பத்திலும் மிக மென்மையாகப் பிடித்தல் வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதுவண்டிகளில், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாக்கப்பட்டது நல்லதே. ஆனால் அது பழைய வண்டியில் இராது. நண்பனிடம் இரவல் வாங்குவது பெரும்பாலும் பழைய வண்டிதான்.

திருப்பத்திற்கு வருவோம். நம் முன்னோர் குதிரையின் நடையை ஐங்கதி என வகுத்தனர். குதிரையேற்றம் பயில்வோன் மெல்லிய நடையிலிருந்தே தொடங்கினான். அவனுக்கொரு நன்மை இருந்தது: பள்ளத்தைக் கண்டால் குதிரை தானே நின்றுவிடும். எஞ்சினுக்குக் கண் இல்லை. ஆகையால் கண்ணின் வேலை முழுவதும் நம்முடையது. எங்கே நோக்குகின்றோமோ அங்கேயே வண்டி செல்லும் என்பது அநுபவமுள்ளோர் யாவரும் கூறுவது. குழியை வெறித்துப் பார்த்தவன் குழியிலேயே விழுகின்றான், திருப்பத்தின் முடிவைப் பார்த்தவன் அதனைக் கடக்கின்றான். திருப்பத்திற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றிக்கொள்ளவேண்டும். இன்னொன்று வியப்பைத் தருவது. ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வலப்புறம் திரும்ப, வலக்கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளவேண்டும். வண்டி வலப்புறமே சாய்ந்து திரும்பும். எட்டுப் போடுமளவு மெல்லச் செல்லும்போது இது புலனாகாது. ஆதலின் தேர்வில் தேறியவன் இதனை அறியாதவனாகவே பெருவழிக்கு வருகின்றான். அவசரத்தில் எதிர்ப்புறம் தள்ளி இடரின்மேலேயே மோதுகின்றான்.

மேனாட்டு நூல்களிற் காணாத இடர்கள் சில நம் சாலைக்கே உரியவை. அறுவடைக் காலத்தில் உழவர் தார்ச்சாலையின் பாதியில் நெல்லும் உளுந்தும் உலர்த்தி, சுற்றிலும் கல் அடுக்கி வைப்பர். மணிகளின்மேல் ஏறிய சக்கரம் உருளைமேல் ஏறியது போலாம். கோடை கழிந்து பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் புழுதியும் கலந்து சாலை வழுக்கும். அம்மழையின் தொடக்கத்தில் ஒதுங்கி நிற்பது கோழைத்தனம் அன்று. வண்ணம் அழிந்த வேகத்தடை, விளக்கில்லா மாட்டு வண்டி, நிறுத்தத்திற்கு முந்தி இறங்கும் பஸ் பிரயாணி, பின்னே அமர்ந்தவர் சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்திற் சிக்குதல் என இவற்றை எண்ணி முடியாது. ஆயினும் நம் சாலைக்கே உரிய ஓர் அன்பும் உண்டு. பக்கத் தாங்கியை மடக்காமல் செல்பவனைக் கண்டால், முன்பின் அறியாதவரும் துரத்தி வந்து, "தம்பி, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கூவுவர். இவ்வன்பு வேறெந்நாட்டில் உண்டோ அறியேன்.

தலைக்கவசத்தின் வரலாறு ஒரு மாணவன் அறிந்திருக்கத் தக்கது. அரபு நாட்டுப் போரால் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் என்பார் மோட்டார் சைக்கிளில் தேர்ந்தவர். அக்காலத்துச் சிறந்த வண்டியாகிய பிரஃப் சுப்பீரியர் வண்டிகள் பலவற்றை அடுத்தடுத்து உடையவராயிருந்தவர். 1935 மே 13-இல் டார்செட் நாட்டுப்புறத்தில் மிதிவண்டிச் சிறுவர் இருவரை விலக்க முயன்று தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19-இல் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர். அவ்விறப்பை அவர் மறந்துவிடவில்லை. போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துக்களில் தலையிற் காயமுற்றோரை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் படைவீரர்க்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு 1973-இல்தான் அது சட்டமாயிற்று. லாரன்ஸுக்குத் திறமை குறைவு என்று எவரும் சொல்லார். 'எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும், கவசம் எதற்கு?' என்னும் நண்பர் இதனை எண்ணிப்பார்க்க.

நம் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, ஓட்டுவார்க்கும் பின்னே அமர்வார்க்கும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும், கவசத்தை விதிக்கின்றது. மீறினால் 1,000 ரூபாய் தண்டமும் மூன்று திங்கள் உரிமத் தடையும் உண்டு. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத கவசத்தைச் செய்வதும் விற்பதும் குற்றம். ஆனால் முழங்கையில் மாட்டிய கவசம் முழங்கையைத்தான் காக்கும். தாடைவாரைப் பூட்டாத கவசம் விழும்போது நமக்கு முன்னே போய் விழும்.

வீட்டிலுள்ள தம்பி தங்கையரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பதினெட்டு நிரம்பாதவர் கையில் வண்டியைக் கொடுத்து அவர் குற்றம் இழைத்தால், 199ஏ பிரிவின்படி பெற்றோர்க்கோ வண்டிக்குரியார்க்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு நீக்கப்படும். ஓட்டிய சிறுவன் 25 வயதுவரை உரிமம் பெறலாகாது. 'கடைவரைதானே அண்ணா' என்று சாவி கேட்கும் தம்பிக்கு இது முழுவதையும் சொல்லியே மறுக்கலாம். விடுதியில் உரிமமில்லா நண்பனுக்குச் சாவி கொடுப்பதும் அத்தகையதே. அவனுக்கு மட்டுமன்றிக் கொடுத்தவனுக்கும் தண்டம் உண்டு.

பழகுநர் உரிமத்திற்கும் தேர்வுக்கும் இடையே சட்டம் தந்துள்ள அந்த 30 நாள், நம்மிற் பலர்க்குக் காத்திருக்கும் காலமாகவே கழிகின்றது. நம்மிடம் உள்ள ஒரே படி அதுவே. அதனைப் பயிற்சிக் காலமாக்கிக்கொள்ளலாம். ஞாயிறல்லாத விடுமுறைக் காலைகளில் கல்லூரித் திடலின் பின்பகுதி வெறுமையாயிருக்கின்றது. உடற்பயிற்சி ஆசிரியர் இசைந்தால், ஜப்பானியர் பலகைக்கு ஈடாக 15 மீட்டர் நீளத்தில் ஓரடி இடைவெளிவிட்டு இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் இழுத்து, அவற்றினிடையே பத்து நொடியில் மெல்லச் செல்லப் பழகலாம். மற்றொரு கோட்டின்மேல் 20 கிலோமீட்டரில் வந்து, பின்னர் 30, 40 என ஏற்றி, இரு பிரேக்கும் பிடித்து, நின்ற இடத்தை ஒவ்வொரு முறையும் அளந்து குறித்து வைக்கலாம். முதல் ஆறு திங்களுக்கு 125 சி.சி.க்கு மேற்படாத வண்டி. முதல் ஓராண்டுக்குப் பின்னே ஆள் இல்லை. இவ்விரண்டையும் நம் வகுப்பில் நால்வர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டுள்ளோம். அளக்கும் நாடா என்னிடம் உள்ளது. சேர விரும்புவோர் தமிழ் மூன்றாமாண்டு வகுப்பில் வந்து கேட்கலாம்.